குண்டானைத் தட்டினால் வருவது

பின்கதவைத் திறப்பதற்கு முன்னால் நான் இரண்டு முறை கை தட்டுவேன். பிறகு கண்ணாடி வழியாகப் புல்வெளியை இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்ப்பேன். அதன் பிறகுதான் குப்பைப் பையோடு வெளியே காலை வைப்பேன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபுளோரிடாவில், டாம்பாவுக்கு வெளியே நாங்கள் இருக்கும் குடியிருப்பில், ஒவ்வொரு வீட்டு வரிசைக்குப் பின்னாலும் மழைத்தண்ணீர் தேங்குவதற்காக வெட்டிய ஒரு குளம் இருக்கிறது. கரையில் ஒரு பலகை: அலிகேட்டர் உண்டு, தண்ணீர் அருகே போகாதீர்கள், தீனி போடாதீர்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே, குளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து ரசிக்க ஒரு பெஞ்சு. பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படி யோசித்தான் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அலிகேட்டர் வேறு, முதலை வேறு என்று என் மகள் மீரா பள்ளியில் படித்துவிட்டு வந்து எனக்கு வகுப்பு எடுத்தாள். மூக்கு அகலமாக இருந்தால் அலிகேட்டராம். மூக்கின் அகலம் தெரிகிற தூரத்தில் நிற்பவனுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டேன். அவளுக்கு ஆறு வயது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

கை தட்டும் பழக்கம் போன வருடம்தான் வந்தது. அதன் காரணத்தைச் சொல்ல நான் அடையாற்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அடையாறு என்றதும் உங்களில் பலருக்கு பஸ் டெப்போவும், சிக்னலில் நகராத வண்டிகளும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஆறுதான் வரும். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வடக்கே மணலில் நடந்துகொண்டே இருந்தால், ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் குப்பம். முன்பக்கம் கடல், பின்பக்கம் உப்புத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து நிற்கும் சேற்று நிலம். தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தச் சேறு முழுக்க நண்டுகள் வெளியே வரும், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு, யாரையோ வா வா என்று கூப்பிடுவது போல ஆட்டிக்கொண்டே இருக்கும். மீன் ஒன்று உண்டு, சேற்றில் துடுப்பை ஊன்றித் துள்ளித் துள்ளி நடக்கும். கொக்கு, உள்ளான், நாரை, குளிர் காலத்தில் கூழைக்கடா. எதிர்க்கரையில் பழைய பெரிய தோட்டம் ஒன்று மரங்கள் அடர்ந்து கிடக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் அங்கிருந்து நரி ஊளையிடும். மெட்ராசுக்கு நடுவில் நரியா என்று ஜெஸ்ஸி என்னைக் கேலி செய்வாள். ஜெஸ்ஸி என் மனைவி. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் குப்பத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். அவள் அந்த ஊளையைக் கேட்டதே இல்லை. நான் கேட்டிருக்கிறேன், போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

புலம்பெயர்ந்தவர்கள் சின்ன வயதை எழுதினால் அதில் பயமே இருக்காது. எல்லாரும் ஆற்றில் குதித்தார்கள், மரத்தில் ஏறினார்கள், மாங்காய் அடித்தார்கள். நான் அப்படி இல்லை. பயந்தாங்கொள்ளி. எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம் அந்தச் சேறு. எட்டு வயதில் ஒரு பசுமாடு சேற்றில் இறங்கியதைப் பார்த்தேன். முதலில் முழங்கால் வரை, பிறகு வயிறு வரை. குப்பத்து ஆண்கள் கயிறு போட்டு இழுத்தார்கள், பலகை போட்டுப் பார்த்தார்கள். இழுக்க இழுக்க அது இன்னும் உள்ளே போயிற்று. அடுத்த நாள் மதியம் வரை அது கத்திக்கொண்டிருந்தது. பிறகு சத்தம் நின்றது. அதன் முதுகு மேல் ஒரு வெள்ளைக் கொக்கு உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகாமலிருக்க ஏதாவது சாக்குத் தேடுவேன்.

ஆனால் தினமும் அங்கேதான் போக வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கடல் முரட்டுத்தனமாக இருக்கும் நாட்களில் நைனா ஆற்று வாயில் வீச்சு வலை போட்டு மடவையும் இறாலும் பிடிப்பார். அம்மா அதை மார்க்கெட்டில் விற்பாள். வாங்குகிறவர்கள் கேட்டபடி அங்கேயே மீனை ஆய்ந்து கொடுத்து, குடலையும் செவுளையும் ஒரு அலுமினியக் குண்டானில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாயங்காலம் அந்தக் குண்டானைச் சேற்றுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஓடுகிற இடம் வரை எடுத்துப்போய்க் கொட்ட வேண்டியது என் வேலை. கொட்டுவதற்கு முன் கத்தியின் பிடியால் குண்டான் விளிம்பில் மூன்று தட்டு தட்ட வேண்டும். கொக்குகளுக்கு அந்தச் சத்தம் தெரியும். எங்கிருந்தோ பத்து, இருபது என்று வந்து இறங்கிவிடும். ஒரு நாள்கூட வீட்டுப் பக்கம் கொட்டக் கூடாது. "தண்ணியில வந்தது தண்ணிக்கே போணும்டா. வூட்டாண்ட கொட்டின, தோலை உரிச்சிருவேன்" என்பாள் அம்மா. சேற்றின் நடுவே மணல் திட்டாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. ஒவ்வொரு அடியும் வைத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, பிறகுதான் அடுத்த காலை எடுப்பேன். என் தங்கை மாலா எனக்கு மூன்று வயது இளையவள். அதே பாதையில் ஒரு காலைத் தூக்கி நொண்டி அடித்துக்கொண்டு போய் வருவாள், என்னை வெறுப்பேற்றுவதற்காக.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பாதை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் எது மணல், எது சேறு என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் நைந்துபோன வலைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலுக்குப் பின்புறம் குண்டானைக் கவிழ்த்தேன். யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் நாளும் அதையே செய்தேன். ஐந்து நாள். மழையில் நாற்றம் தெரியவில்லை. மூன்றாம் நாளே அங்கே பெருச்சாளி வர ஆரம்பித்துவிட்டது. நான் பார்த்தேன், பார்த்தும் சொல்லவில்லை. பெருச்சாளி வந்தால் அதைத் தேடிக்கொண்டு எது வரும் என்று குப்பத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்குச் சேற்றின் மேல் இருந்த பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆறாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மாலா பந்தை எடுக்க வலைக் குவியலுக்குப் பின்னால் போனாள். ஒரு சத்தம்தான் போட்டாள். நைனா ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி விரியன், தடித்த கயிறு போல வலைக்கு அடியில் இழுத்துக்கொண்டு போயிற்று. ஆட்டோவில் அம்மாவின் மடியில் மாலா, அவள் காலை என் மடியில் வைத்திருந்தார்கள். அடையாறு பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. நைனா இறங்கி முன்னால் ஓடி, கார்களின் பானெட்டைத் தட்டித் தட்டி, கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்டார். அவர் வேறு யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. என் மடியில் இருந்த கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். உயிர் தப்பினாள். இடது கெண்டைக்கால் சதை போய்விட்டது. இன்றுவரை சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள்.

அந்த முதல் இரவு முடிந்து வீட்டுக்கு வந்ததும் நைனா வலைக் குவியலைப் புரட்டினார். அடியில் அழுகிய குடல். "எவன்டா இங்க கொட்னது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டார். "நாய் இஸ்துக்கினு வந்துச்சு நைனா" என்றேன். யோசிக்காமல், தடுமாறாமல் வந்தது. எங்கள் வாசலில் மணி என்று ஒரு செவலை நாய் படுத்திருக்கும். மறுநாள் நைனா அதை மீன் வண்டியில் ஏற்றி நங்கநல்லூருக்கு அப்பால் எங்கேயோ விட்டுவிட்டு வந்தார். அது வண்டியில் ஏறும்போதுகூட வாலை ஆட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாலா முதலில் கேட்டது மணியைத்தான். அன்று வாயைத் திறந்திருந்தால் நாலு அடி விழுந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். நான் திறக்கவில்லை. நைனா போய்விட்டார், அம்மா போய்விட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. ஜெஸ்ஸியிடம்கூடச் சொன்னதில்லை.

இனி இந்தக் கரைக்கு வருகிறேன். ஜெஸ்ஸிக்கு நர்ஸ் வேலை கிடைத்து, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். ஒரு படகுத் துறையில் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறேன். வந்த புதிதில் எனக்கு இங்கே எல்லாமே பயம்தான். போலீஸ் கார் பின்னால் வந்தால் பயம், தபாலில் நீளமான உறை வந்தால் பயம், கடையில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று பயம். அந்தப் பயத்தோடு வரிசையில் நிற்பதையும், விதிகளைப் படிப்பதையும், குரலைத் தாழ்த்துவதையும் கற்றுக்கொண்டேன். பயம்தான் என்னை இங்கே பத்திரமாக வைத்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில் மடவையைப் பார்த்தேன். அதே மடவை. அதே தட்டை மண்டை, அதே வெள்ளி வயிறு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர், "இதை வைத்து எதைப் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். ஒன்றையும் பிடிக்கப் போவதில்லை, என் பெண்டாட்டி புளி கரைத்துவைத்துக் காத்திருக்கிறாள் என்றேன். அவருக்குப் புளியும் புரியவில்லை, நான் சொன்னதும் புரியவில்லை. பெரிய மீன் பிடிக்கிற இடத்தை மறைக்கிறேன் என்று நினைத்து, கண்ணடித்து, ஐஸை இரண்டு கை கூடுதலாக அள்ளிப் போட்டார். வீட்டுக்குள் ஆய்ந்தால் ஒரு வாரத்துக்கு வாடை போகாது, ஜெஸ்ஸி விடமாட்டாள். பின்புறம் புல்வெளியின் ஓரத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில், ஒரு பலகை போட்டு உட்கார்ந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குண்டான். ஆய்ந்து முடித்ததும், நான் யோசிக்கவே இல்லை, என் கை தானாகவே கத்திப் பிடியால் விளிம்பில் மூன்று தட்டு தட்டியது. குடலைக் குளத்தில் வீசினேன். இரண்டு நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு வந்து இறங்கியது. மஞ்சள் அலகு, கறுப்புக் கால். அடையாற்றில் பார்த்த அதே கொக்கு என்று சத்தியம் செய்வேன். இந்த நாட்டுக்கு வந்து முதல் தடவையாக எனக்கு எதன் மேலும் பயமாக இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது, அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

பலகையில் தீனி போடாதீர்கள் என்று எழுதியிருந்ததே என்பீர்கள். படித்தேன். ஆனால் நான் தீனி போடவில்லையே. தண்ணீரில் வந்ததைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். என் மனதில் அது அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் மீன், பலகை, குண்டான், மூன்று தட்டு. கொக்குகள் நான்காயின, ஏழாயின. மீரா படியில் உட்கார்ந்து எண்ணுவாள். எதிர்க்கரையில் வால்டர் என்று ஒரு கிழவர் தனியாக இருந்தார். காலையில் பெஞ்சில் உட்கார்ந்து வாத்துகளுக்கு ரொட்டி பிய்த்துப் போடுவார். தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார், நானும் காட்டுவேன். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த பேச்சு அவ்வளவுதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை தட்டினேன், கொக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. குடல் மட்டும் தண்ணீரில் விழுந்ததும் காணாமல் போயிற்று. நான் சேற்று நிலத்தில் வளர்ந்தவன். பறவை இறங்காத தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் அதைப் பார்த்தேன்: தண்ணீர் மட்டத்தில் இரண்டு புடைப்பு, ஒரு கை தூரம் விட்டு இன்னொரு புடைப்பு, அசையாமல். பலகையில் எழுதியிருந்த அலிகேட்டர். குண்டானை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் தீனி போட்டது என்று கேள்வி வரும். விதியை மீறியவன் என்று ஒரு காகிதத்தில் என் பெயர் ஏறும். மீன் ஆய்வதை நிறுத்தினால் போதும், அது தானாகப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுத்தினேன். விட்டுவந்த குண்டானை எடுத்துக் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. மறந்துவிட்ட மாதிரி நடித்ததில் உண்மையிலேயே கொஞ்சம் மறந்துவிட்டேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஜெஸ்ஸி பூசைக்குப் போய்விட்டு வந்து உடை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே டங், டங், டங் என்று சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மீரா குண்டானை எடுத்துப்போய், பின்படியில் உட்கார்ந்து, மரக்கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். "கொக்கு வா, கொக்கு வா" என்று பாடினாள். குளத்தின் ஓரத்துப் புல் விலகியது. கறுப்பாக, ஈரமாக, நிதானமாக அது கரையேறிற்று. நைனாவின் கட்டுமரத்தில் பாதி நீளம் இருக்கும். அவசரமே இல்லை அதற்கு. கூப்பிட்ட வீட்டுக்குச் சாப்பிட வருகிற மாதிரி வந்தது. மீராவுக்கும் அதற்கும் நடுவே பன்னிரண்டு அடி, பதினைந்து அடி. அவள் கரண்டியைத் தூக்கியபடியே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கால்கள் வரவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெற்ற மகள் வெளியே இருக்கிறாள், என் கால்கள் தரைக்குள் இறங்கிவிட்டன. ஜெஸ்ஸிதான் என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். பிள்ளையை அக்குளில் அள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். அது படி வரை வந்தது. குண்டானை மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வந்த மாதிரியே போய்விட்டது.

ஜெஸ்ஸி போன் செய்து சொன்னதில், அதைப் பிடிப்பதற்கு மறுநாள் ஒரு ஆள் வந்தார். பெரிய தொப்பி, சிவந்த முகம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தூண்டிலும் கயிறுமாக அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். வாயைச் சுற்றி டேப் ஒட்டி, முதுகில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, "யாரோ தீனி போட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் இது மனுஷர்களைக் கண்டால் ஓடும். நீங்கள் போட்டீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். யோசிக்காமல், தடுமாறாமல் வந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து, வேறு ஒரு மொழியில், அதே வேகத்தில் வந்தது. அவர் எதிர்க்கரையைப் பார்த்தார். பெஞ்சில் வால்டர், கையில் ரொட்டிப் பை. "ஓ" என்றார். வால்டர்தான் என்று அவர் முடிவு கட்டியதை நான் திருத்தவில்லை. வேறு ஏதாவது பேச வேண்டுமே என்று, இதை எந்தப் பெரிய சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேட்டேன். அவர் நான் கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். "விடுவதா? இந்த அளவு வளர்ந்ததை விட மாட்டோம். பயம் போன மிருகத்தை எங்கே விட்டாலும் திரும்ப வீடுகளைத் தேடித்தான் வரும். இதற்கு இனி இடம் கிடையாது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றினார். அதன் கண் மட்டும் திறந்திருந்தது. எனக்கு மணி ஞாபகம் வந்தது.

குடியிருப்புச் சங்கத்திலிருந்து வால்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனதாக ஜெஸ்ஸி சொன்னாள். கிழவருக்கு அறிவு வேண்டாமா, குழந்தைகள் இருக்கிற இடத்தில், என்று திட்டினாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. குடலை நான் குப்பைப் பையில் போட்டேன், குண்டானை மீரா சும்மா விளையாட எடுத்தாள் என்றே அவள் நினைத்திருந்தாள். அதன் பிறகு வால்டர் பெஞ்சுக்கு வரவில்லை. ஒரு நாள் தபால் பெட்டிகளின் அருகே நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். அவர் கோபப்படவில்லை. "நான் ரொட்டி போடுவதற்கு முன்னால் எதையும் தட்டுவதில்லை" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மன்னிக்கவும், எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு புரியாது என்பது போலத் தலையை ஆட்டிச் சிரித்துவைத்தேன். எஞ்சின் கையேடுகளை வரி வரியாகப் படிக்கிறவன் நான். வெளிநாட்டுக்காரனுக்குக் கிடைத்த ஒரு வசதி இது, புரியாத மாதிரி நிற்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தபால் எடுக்கவே பயந்தேன்.

போன சனிக்கிழமை காலை மாலாவைக் கூப்பிட்டேன். எங்களுக்குக் காலை என்றால் அவளுக்குச் சாயங்காலம். பழைய வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவின் மார்க்கெட் இடத்தில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். பின்புறம் ஆற்றோரமாகப் போய்க்கொண்டே வீடியோவில் பேசினாள். போன் அவள் நடைக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே அலிகேட்டர் படி வரை வந்ததையும், வால்டருக்குக் கடிதம் போனதையும் சொன்னேன். பயம் உள்ளவர்களிடம் சொல்வதைவிட மாலாவிடம் சொல்வது சுலபம்.

"அய்யோ, கொழந்த பயந்துகிச்சா?" என்று கேட்டாள்.

"அது பயப்படலை. நான்தான். மாலா, அதுக்குத் தீனி போட்டது நான்தான். கொடல் கொட்டினேன், ஊர்ல மாதிரி."

"புடிக்க வந்தவங்களாண்ட சொன்னியா?"

"இல்லை."

போன் ஆட்டம் நின்றது. அவள் நின்றுவிட்டாள். திரையில் பழுப்புத் தண்ணீரும், எதிர்க்கரை மரங்களும் தெரிந்தன.

"அன்னிக்கும் நீ சொல்லலண்ணா" என்றாள்.

உனக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்காமலே அவள் சொன்னாள். "வலைக்குப் பின்னால நீ குண்டானக் கவுக்கச்சொல்ல நான் பாத்தேன். மூணாவது நாளு. நானும் சொல்லல. சொல்லிகினா நைனா உன்ன அடிச்சே போட்டுக்கும். என் காலு போவும்னு எனக்கு இன்னா தெரியும்? அத்த வுடு. மணி பாவம்ணா. அந்தக் கெய்வனும் பாவம். இன்னிக்கே போய் சொல்லிடு, நாளிக்கின்னு வச்சிக்காத."

"பயமா இருக்கு மாலா."

"கீதுதான். எனக்கு மட்டும் இல்லியா? டெய்லி இந்த சேத்துல நட்ந்துகினு போறேன்" என்றாள். பிறகு, "இரு, கொக்கு காத்துக்கினு கீது" என்று போனை எதன் மேலோ சாய்த்து வைத்தாள். அம்மாவின் அதே குண்டானைக் கையில் எடுத்தாள்.

நான் அப்போது எங்கள் வீட்டுப் பின்படியில் நின்றிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் தட்டிவிட்டாள். டங், டங், டங். சத்தம் என் கையிலிருந்து கிளம்பி, புல்வெளியைத் தாண்டி, குளத்தின் மேல் போயிற்று. போனில் இறக்கைச் சத்தம் படபடவென்று கேட்டது. "பாத்தியா, எத்தினி வந்துகீது பாரு!" என்றாள் மாலா. என்னால் பார்க்க முடியவில்லை. என் கண் தண்ணீரை விட்டு அகலவில்லை. பின்னால் கதவு திறந்தது. "அத்தை கொக்கைக் கூப்பிடறாங்களா?" என்று மீரா ஓடிவந்தாள். அவளைத் தூக்கி உள்ளே விட்டு, வெளியிலிருந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவள் என்னைப் பார்த்தாள்.

குளத்தின் நடுவே ஒரு வட்டம் விரிந்தது. மீனாக இருக்கலாம். எதிர்க்கரையில் வால்டர் தன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். அவர் கையைத் தூக்கவில்லை. இரண்டு முறை கை தட்டினேன். போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கரையைச் சுற்றி அவர் வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, பிறகுதான் அடுத்த காலை எடுத்தேன். பைக்குள் அடையாற்றுக் கொக்குகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வலது பக்கம் தண்ணீர் அசையாமல் கூடவே வந்தது.